முழங்காலுக்குத் தேவையான தளர்வு

முழங்காலைக் கதவுக்கீலாக நினைத்துக்கொள்வது எளிது. மடக்கினால் மடங்குகிறது, நீட்டினால் நீள்கிறது, பக்கவாட்டில் போவதில்லை. பள்ளிப் பாடநூல்களும் அதைக் கீல் மூட்டு என்றே வகைப்படுத்துகின்றன. கீலில் ஆட்டம் கண்டால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள். திருகாணியை முடுக்குவோம், முடியாவிட்டால் கீலையே மாற்றுவோம். இதே நியாயத்தைத்தான் முழங்காலுக்கும் பொருத்துகிறோம். ஜவ்வு லூஸாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும், அதை இறுக்க என்ன வழி என்பதுதான் அடுத்த கேள்வியாக வருகிறது. நல்ல மூட்டு இறுக்கமானது, தளர்ந்த மூட்டு பழுதானது என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது. கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் முழங்காலின் அசைவை ஆராய்ந்தவர்கள் சேர்த்துவைத்திருக்கும் சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. எலும்புகளைப் பிணைக்கும் மென்திசுக்களில் தளர்வு இருப்பதால்தான் முழங்கால் ஒழுங்காக வேலை செய்கிறது. எந்தத் திசையில், எந்தக் கோணத்தில், உட்புறத்திலா வெளிப்புறத்திலா, எவ்வளவு தளர்வு என்பதே மூட்டு எப்படியெல்லாம் அசையலாம் என்பதை வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் அது உண்மையில் எப்படி அசைகிறது என்பதோ தசையையும் உடல் எடையையும் பொறுத்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் சிகிச்சை குறித்த பல எதிர்பார்ப்புகள் தடம் மாறிப்போகின்றன.

முதலில் எலும்புகளைப் பார்ப்போம். தொடை எலும்பின் கீழ்முனையில் இரண்டு உருண்ட குமிழ்கள் இருக்கின்றன. அவை உட்காரும் இடமான கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் ஏறக்குறையத் தட்டை. அதன் உட்பகுதி லேசாகக் குழிந்திருக்கிறது. வெளிப்பகுதியோ முன்னிருந்து பின்னாகப் பார்த்தால் மேடாக இருக்கிறது. அதாவது வெளிப்புறத்தில் ஒரு வளைவின்மேல் இன்னொரு வளைவு நிற்கிறது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் புதைந்திருப்பதோடு இதை ஒப்பிட்டால், முழங்காலில் எலும்புகளுக்கிடையே பொருத்தம் என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை. இடையில் கிடக்கும் மெனிஸ்கஸ் என்ற பிறை வடிவத் திண்டுகள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன என்றாலும் அவையும் நகரக்கூடியவை. முழங்கால் மடங்கும்போது உட்புற மெனிஸ்கஸ் சுமார் 5 மில்லிமீட்டரும் வெளிப்புறத்தது அதைப்போல் இரண்டு மடங்கும் பின்னால் போகின்றன. ஜெர்மனியின் வேபர் சகோதரர்கள், வில்ஹெல்மும் எடுவார்டும், 1836இல் வெளியிட்ட நடை இயக்கவியல் நூலிலேயே முழங்காலில் உருளுதலும் சறுக்குதலும் சேர்ந்தே நடக்கின்றன என்று எழுதிவிட்டார்கள். வெறுமனே உருண்டால் தொடை எலும்பு மடங்கி முடிவதற்குள் தளத்தின் பின்விளிம்பைத் தாண்டி விழுந்துவிடும். வெறுமனே சறுக்கினால் அதன் பின்பக்கம் தளத்தின் விளிம்பில் முட்டி, மடக்கம் பாதியில் நின்றுவிடும். எவ்வளவு உருள்வது, எவ்வளவு சறுக்குவது என்ற கணக்கை எலும்பு வைத்துக்கொள்வதில்லை. அதைப் பெரிதும் லிகமென்ட்கள்தான் வைத்துக்கொள்கின்றன.

லிகமென்ட் என்பது கொலாஜன் இழைகளின் கட்டு. ஓய்வில் இருக்கும்போது இந்த இழைகள் நேராக இருப்பதில்லை. நுண்ணோக்கியில் சிற்றலைகளாகச் சுருண்டு தெரிகின்றன. இழுக்கத் தொடங்கும்போது முதலில் இந்தச் சுருள்கள் நிமிர்கின்றன. அதற்கு மிகக் குறைந்த விசையே போதும். எல்லாச் சுருளும் நிமிர்ந்த பிறகுதான் இழைகள் உண்மையில் இழுபட்டு, எதிர்ப்பு சட்டென்று ஏறுகிறது. இதனால் ஒரு லிகமென்ட்டின் நடத்தை இரு கட்டமாக இருக்கிறது: முதல் சில மில்லிமீட்டருக்கு அது இருப்பதே தெரியாது, அதன் பின் அது விடவே விடாது. முதல் கட்டம் நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கும் அசைவிடம். இரண்டாம் கட்டத்தின் உறுதியைப் பற்றி ஓர் எண்: ஸாவியோ வூவின் குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், 22 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களின் முழங்காலிலிருந்து எடுத்த முன் குறுக்கு லிகமென்ட், அதாவது விளையாட்டுச் செய்திகளில் அடிபடும் ஏசிஎல், சராசரியாக 2160 நியூட்டன் விசையைத் தாங்கிய பிறகே அறுந்தது. ஏறத்தாழ 220 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். 60 வயதைக் கடந்தவர்களின் ஏசிஎல் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

முழங்காலில் உள்ள இழைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகுவதுமில்லை, ஒரே நேரத்தில் தளர்வதுமில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. ஏசிஎல்லிலேயே இரண்டு கட்டுகள் உண்டு: ஒன்று காலை நீட்டும்போது இறுகுகிறது, மற்றது மடக்கும்போது. பக்கவாட்டு லிகமென்ட்களில் உட்புறத்தது மடக்கம் முழுவதும் ஓரளவு இறுக்கத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. வெளிப்புறத்தது கால் மடங்க மடங்கத் தொய்ந்துபோகிறது. கால் முழுக்க நீண்டிருக்கும்போது கீழ்க்கால் எலும்பைத் திருப்பிப் பார்த்தால் ஏறக்குறைய நகராது. 90 பாகை மடக்கிவிட்டு அதே எலும்பைத் திருப்பினால் மொத்தம் 30, 40 பாகை வரைகூடச் சுழலும். நிற்கும்போது தசைக்கு அதிக வேலை வைக்காமல் மூட்டு பூட்டிக்கொள்ள வேண்டும். உட்காரும்போதும் திரும்பும்போதும் அது வழிவிட வேண்டும். கோணத்துக்கேற்ப மாறும் தளர்வு இரண்டு தேவைகளையும் ஒரே அமைப்பால் நிறைவேற்றிவிடுகிறது. கூடவே, உட்புறமும் வெளிப்புறமும் சமமாக இல்லாததால் அசைவுக்கு ஒரு சாய்வும் கிடைக்கிறது. இவாகி, பின்ஸ்கெரோவா, ஃப்ரீமன் ஆகியோர் 2000இல் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு காட்டியது இது: கால் 120 பாகை வரை மடங்கும்போது உட்புறக் குமிழ் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது, வெளிப்புறக் குமிழ் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் பின்னால் போகிறது. உட்புறத்தை அச்சாகக் கொண்டு வெளிப்புறம் பின்னோக்கிச் சுழல்கிறது என்றே இதைச் சொல்லலாம். சம்மணமிட்டு உட்காரவும் குத்தவைத்து உட்காரவும் முடிகிறதென்றால், வெளிப்புறத்தின் தாராளம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இது எலும்பின் வடிவத்தாலும் வந்திருக்கலாமே என்று ஒருவர் மறுக்கலாம். வெளிப்புறத் தளம் மேடாகவும் உட்புறத் தளம் குழிவாகவும் இருப்பதால்தானே அந்தப் பக்கம் அதிகம் நகர்கிறது? மறுப்பில் உண்மை உண்டு. தளத்தின் பின்சரிவு அதிகமாக உள்ளவர்களின் கீழ்க்கால் எலும்பு எடை ஏறும்போது கூடுதலாக முன்னே தள்ளப்படுகிறது என்பதும் அறியப்பட்ட உண்மைதான். ஆனால் வடிவம் வழிகாட்டுவதற்கு எலும்புகள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அழுத்தமில்லாத மூட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்று சுதந்திரமாக நழுவுகின்றன, வடிவத்தின் பேச்சு எடுபடுவதில்லை. இதற்கு மார்கால்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் செய்த பரிசோதனை நல்ல சான்று: மூட்டின்மீது உடல் எடை போன்ற அழுத்தத்தை ஏற்றியதும், எந்த லிகமென்ட்டும் மாறாமலே, அதன் ஆட்டம் கணிசமாகக் குறைந்துபோனது. ஆக, படுத்திருப்பவரின் முழங்காலும் நிற்பவரின் முழங்காலும் ஒரே மூட்டு என்றாலும் ஒரே தளர்வுடையவை அல்ல. பின்னால் நமக்கு இது மறுபடியும் தேவைப்படும்.

நெதர்லாந்தின் நைமேகனில் பிளாங்கெவோர்ட், ஹைஸ்கெஸ், டி லாங்கே ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, என் பார்வையில், இந்தத் துறையில் மிகவும் குறைத்து மதிக்கப்பட்ட ஒன்று. அதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். காலை நீட்டி முடிக்கும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு தானாக வெளிப்புறம் பத்துப் பதினைந்து பாகை திரும்பிப் பூட்டிக்கொள்கிறது என்பது உடற்கூற்றியல் நூல்களில் நீண்ட காலமாக இருந்துவரும் பாடம். மாணவர்கள் அதைத் திருகுப்பூட்டு என்ற பொருளில் படிக்கிறார்கள். எலும்பும் லிகமென்ட்டும் சேர்ந்து மூட்டைத் தண்டவாளம்போல ஒரே பாதையில் செலுத்துகின்றன என்பதற்கு இதுவே முதன்மைச் சான்றாகக் காட்டப்பட்டது. மூவரும் இறந்தவர்களின் முழங்கால்களை எடுத்து, எலும்புகளின் இடத்தை எக்ஸ்ரே மூலம் முப்பரிமாணத்தில் கண்காணித்தபடி, மடக்கத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் மூட்டைச் சிறு முறுக்கு விசைகளால் இருபுறமும் திருப்பிப் பார்த்தார்கள். கிடைத்தது ஒற்றைப் பாதையாக இல்லை. இருபுறமும் எல்லை வகுக்கப்பட்ட அகலமான ஓர் இடைவெளி கிடைத்தது. எல்லைக்கு அருகில் மூட்டு விறைக்கிறது. நடுவில் மிகச் சிறிய விசைகூட அதை எங்கு வேண்டுமானாலும் நகர்த்திவிடுகிறது. திருகுப்பூட்டு மூட்டின் அமைப்பு கட்டாயப்படுத்தும் அசைவு என்ற கருத்தை அவர்கள் மறுத்தார்கள். வெளியிலிருந்து செயல்படும் விசைகளின் விளைவு அது என்றார்கள். நீட்சி முழுமையாகும் இடத்தில் எல்லைகள் நெருங்கிவிடுவதால் மூட்டுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போகிறது. அதற்கு முன்னால் வரை பல போக்கிடங்கள் உண்டு. முழங்கால் அசைவைப் பற்றிப் பேசும்போது எல்லை வேறு, எல்லைக்குள் எடுக்கப்படும் பாதை வேறு என்று பிரிக்க வேண்டியதன் நியாயம் இங்கேதான் நிலைபெறுகிறது. எல்லையை வகுப்பது மென்திசுத் தளர்வு. பாதையைத் தேர்வது சுமையும் தசையும்.

மருத்துவமனையில் அளப்பது எல்லையைத்தான். டோர்க்கின் குழு 1976இல் எழுதி, ஃபிலடெல்ஃபியாவின் ஜான் லாக்மன் பெயரால் அறியப்பட்ட பரிசோதனையில், முழங்காலை 20, 30 பாகை மடக்கிவைத்து, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுக்கிறார்கள். கருவி வைத்து அளந்தால் மில்லிமீட்டர் கணக்கு கிடைக்கும். ஆனால் ஒரு முழங்காலின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் முடிவுக்கு வருவதில்லை. அதே ஆளின் மறு காலோடு ஒப்பிட்டு, 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் சந்தேகிக்கிறார்கள். ஆளுக்கு ஆள் இயல்புத் தளர்வு அவ்வளவு வேறுபடுகிறது. குழந்தைகளுக்கு அதிகம், பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், வயதாக வயதாகக் குறைவு. பெய்ட்டனும் உடன் பணியாற்றியவர்களும் தென்னாப்பிரிக்காவில் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்த ஒன்பது புள்ளி அளவை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. அதில் முழங்கால் நேர்கோட்டைத் தாண்டிப் பின்னால் 10 பாகைக்கு மேல் வளைந்தால் காலுக்கு ஒரு புள்ளி. அதிகப் புள்ளி வாங்குபவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் முழங்காலில் எந்தக் கோளாறும் வருவதில்லை. ஒரே ஆளுக்கே தளர்வு நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. ஸ்டைனரின் குழு 1986இல் அளந்தபோது, கூடைப்பந்துப் பயிற்சிக்குப் பிறகும் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிறகும் முழங்காலின் முன்பின் தளர்வு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. கனமான எடையுடன் குந்தி எழுந்த பளுதூக்குவோரிடம் அந்த மாற்றமில்லை. திரும்பத் திரும்ப இழுபடுவதால்தான் திசு நெகிழ்கிறது, ஒரு தடவை பெருஞ்சுமை ஏற்றுவதால் அல்ல என்று இதை விளக்கலாம்.

தளர்வு இவ்வளவு இயல்பானதென்றால் ஏசிஎல் அறுந்தவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள் என்ற கேள்வி எழும். இயல்பான தளர்வில் எல்லை தள்ளியிருக்கிறது, ஆனால் இருக்கிறது. ஏசிஎல் அறுந்தால் ஒரு குறிப்பிட்ட திசையில் எல்லையே காணாமல் போகிறது. பட்லர், நாய்ஸ், கிரூட் ஆகியோர் 1980இல் அளந்தபடி, கீழ்க்கால் எலும்பு முன்னே இழுபடுவதை எதிர்க்கும் விசையில் சுமார் 86 விழுக்காடு ஏசிஎல் ஒன்றிலிருந்தே வருகிறது. மிச்சமிருப்பவை அனைத்தும் சேர்ந்து 14 விழுக்காடு. அவையும் எலும்பு வெகுதூரம் நகர்ந்த பிறகே இறுகுகின்றன. முன்பின் நகர்வோடு சுழற்சியும் சேர்ந்து கட்டவிழ்கிறது. ஓடிவந்து சட்டென்று திரும்பும்போது வெளிப்புறத் தளம் முன்னே நழுவி, மடக்கம் கூடியதும் டக்கென்று பழைய இடத்துக்குத் திரும்பும். கனடாவின் மெக்கின்டாஷ் குழு 1972இல் விவரித்த பரிசோதனை இந்த நழுவலை மேசையின் மேலேயே உண்டாக்கிக் காட்டுகிறது. கால் கழன்றுகொண்டு போனது மாதிரி இருந்தது என்று அடிபட்டவர்கள் சொல்வது இதைத்தான். ஏசிஎல்லுக்குள் உணர்நரம்பு முனைகளும் இருக்கின்றன. அது இழுபடும்போது தொடைப் பின்தசைகள் அனிச்சையாகச் சுருங்கி எலும்பைப் பின்னே பிடிக்கும் என்று சோலமனோவின் குழு 1987இல் காட்டியது. லிகமென்ட் அறுந்தால் எல்லையோடு எல்லையைக் காக்கும் தகவலும் போய்விடுகிறது.

அப்படியும் எல்லாரும் தடுமாறுவதில்லை. அறுந்த ஏசிஎல்லோடு பழையபடி விளையாடுபவர்கள் சிலர் இருக்கிறார்கள்; படியிறங்கவே அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டெலவேரில் லின் ஸ்னைடர்-மாக்லர் குழு 1990களில் இந்த இரு வகையினரின் முழங்கால்களையும் அளந்து ஒப்பிட்டது. சமாளிப்பவர்களின் மூட்டு குறைவாகத் தளர்ந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். மேசைமேல் அளந்த தளர்வுக்கும் வாழ்க்கையில் அவர்கள் செயல்பட்ட விதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. இரு வகையினர் முழங்காலிலும் எல்லை ஒரே மாதிரி சிதைந்திருந்தது, எல்லைக்குள் எடுத்த பாதைதான் வேறாக இருந்தது. ஸ்வீடனில் ஃப்ரோபெலும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட சோதனை இதை இன்னொரு கோணத்தில் உறுதிசெய்கிறது. ஏசிஎல் அறுந்த 121 இளம் வயதினரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 62 பேருக்கு உடனே மறுசீரமைப்பு அறுவை செய்தார்கள். மீதி 59 பேரை முறையான உடற்பயிற்சியில் ஈடுபடுத்தி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று விட்டார்கள். இரண்டாம் குழுவில் 23 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் அறுவைக்குப் போனார்கள், மற்றவர்கள் போகவில்லை. வலி, செயல்பாடு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை அளக்கும் மதிப்பெண்ணில் இரு குழுவுக்கும் இரண்டு ஆண்டு முடிவில் வித்தியாசம் இல்லை. மேசையில் இழுத்துப் பார்த்தால் அறுவை செய்தவர்களின் முழங்கால் இறுக்கமாகத்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு, தசையை வலுவாக்கினால் போதும், தளர்வைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. அவசரமான முடிவு அது. நோயாளி நன்றாக உணர்வதும் மூட்டு பழையபடி அசைவதும் ஒன்றல்ல. டெட்ராய்ட்டில் டாஷ்மன் குழு 2004இல், ஏசிஎல் மறுசீரமைப்பு செய்துகொண்டவர்களை இறக்கத்தில் ஓடவிட்டு, அதிவேக எக்ஸ்ரே படக்கருவிகளால் எலும்புகளின் நகர்வைப் பதிவுசெய்தது. முன்பின் நகர்வு மறு காலைப்போலவே சீராகியிருந்தது. சுழற்சி சீராகவில்லை, அறுவை செய்த காலில் கீழ்க்கால் எலும்பு சில பாகை வெளிப்புறம் திரும்பியே இருந்தது. சில பாகைதானே என்று தள்ளிவிட முடியாது. குருத்தெலும்பு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. ஆண்டுக்கணக்காக எடை விழுந்துவந்த இடத்தில் தடிமனாகவும் மற்ற இடத்தில் மெலிதாகவும் இருக்கிறது. சுழற்சி மாறினால் தொடுபுள்ளி மாறும். பழக்கப்படாத இடத்தில் ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையின் இரண்டு மூன்று மடங்கு சுமை இறங்கும். ஏசிஎல் அடிபட்டவர்களுக்கு, அறுவை செய்துகொண்டாலும் செய்துகொள்ளாவிட்டாலும், மூட்டுத் தேய்மானம் சீக்கிரம் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஸ்டான்ஃபோர்டின் ஆண்ட்ரியாக்கி முன்வைத்த விளக்கம். அடிபட்ட நேரத்திலேயே குருத்தெலும்பும் மெனிஸ்கஸும் பழுதாகியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாப் பழியையும் அசைவின்மீது போட வழியில்லை.

தேய்மானத்தில் தளர்வின் பங்கு இன்னும் சிக்கலானது. குருத்தெலும்பு தேய்ந்து உயரம் குறைந்தால், நீளம் மாறாத லிகமென்ட்டும் தொய்வாகிவிடும். ஆகவே தேய்ந்த முழங்கால் ஆடுவதில் வியப்பில்லை. சிகாகோவில் லீனா ஷர்மாவின் குழு 1999இல் கண்டறிந்தது வேறொன்று. தேய்மான நோயாளிகளின் பாதிக்கப்படாத மறு முழங்காலும் அதே வயதினரின் முழங்காலைவிட பக்கவாட்டில் அதிகம் தளர்ந்திருந்தது. தளர்வில் ஒரு பகுதியாவது நோய்க்கு முன்பே வந்திருக்கலாம் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அதே குழு 2003இல் வெளியிட்ட ஆய்வுதான் பலரைத் திடுக்கிட வைத்தது. தளர்வு அதிகமுள்ள முழங்கால்களிலும், கோணல் விழுந்த முழங்கால்களிலும், தொடை முன்தசை வலுவாக இருந்தவர்களுக்குப் பதினெட்டு மாதத்தில் தேய்மானம் முற்றும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. வலுவான தசை என்றால் வலுவான அழுத்தம். எல்லை தள்ளியிருக்கும் மூட்டில் அந்த அழுத்தம் சமமாகப் பரவாமல் ஒரே பக்கம் குவிகிறது என்பது சாத்தியமான விளக்கம். அப்படியானால் மருத்துவர்கள் உடற்பயிற்சி செய்யச் சொல்வது தவறா? இல்லை. பயிற்சி வலியைக் குறைக்கிறது, நடமாட்டத்தைக் கூட்டுகிறது என்பதற்குச் சோதனைகள் ஏராளம். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் ஆள் உணரும் வலியும் தனித்தனிக் கணக்குகள். ஷர்மாவின் முடிவு சொல்வது, தசை வலு எல்லா முழங்காலுக்கும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதுதான். எல்லை எப்படியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற பயிற்சியைத் தேர வேண்டியிருக்கிறது.

முழங்கால் மாற்று அறுவையில் இந்த விவாதம் கத்திமுனைக்கே வந்துவிடுகிறது. எலும்பின் தேய்ந்த முனைகளை வெட்டி உலோகமும் பிளாஸ்டிக்கும் வைப்பது பார்ப்பதற்குத் தச்சுவேலை மாதிரி இருந்தாலும், அறுவை மருத்துவர் அதிக நேரம் மல்லுக்கட்டுவது மென்திசுவோடுதான். அதிகம் இறுக்கினால் கால் மடங்காது, வலி நிற்காது. அதிகம் தளர்த்தினால் மூட்டு ஆடும். மறு அறுவைக்கு மக்கள் திரும்பி வருவதற்கான முக்கியக் காரணங்களில் இந்த நிலையின்மையும் ஒன்று. நடுவழியாக 1970கள் முதல் லண்டனின் ஃப்ரீமன், நியூயார்க்கின் இன்சால் போன்றோர் வளர்த்தெடுத்த மரபு, நீட்டிய நிலையிலும் மடக்கிய நிலையிலும் உள்ளும் புறமும் சமமான செவ்வக இடைவெளி வேண்டும் என்றது. இயற்கையான முழங்காலில் அப்படியொரு செவ்வகம் கிடையாது. ஜப்பானில் டோகுஹாராவின் குழு 2004இல், நோயில்லாத முழங்கால்களை 90 பாகை மடக்கி, பக்கவாட்டில் விசை கொடுத்து எம்ஆர்ஐ எடுத்தது. உட்புற இடைவெளி சராசரி 2.1 மில்லிமீட்டர், வெளிப்புறம் 6.7 மில்லிமீட்டர். மூன்று மடங்கு வித்தியாசம். உட்புறத்தை அச்சாக்கி வெளிப்புறத்தைச் சுழலவிடும் அந்தப் பழைய ஏற்பாடு இந்த எண்ணிலும் தெரிகிறது.

செவ்வகக் கொள்கைக்காரர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். இயற்கை மூட்டில் வெளிப்புறம் தளர்ந்திருக்கலாம், ஆனால் அங்கே ஏசிஎல் இருக்கிறது, மெனிஸ்கஸ் இருக்கிறது, குழிந்த உட்தளம் இருக்கிறது; செயற்கை மூட்டில் இவற்றில் பெரும்பாலானவை வெட்டி எறியப்பட்டுவிட்டன. அவை இல்லாமல் தளர்வை மட்டும் நகலெடுத்தால் பிளாஸ்டிக் ஒரு பக்கமாகத் தேயும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். ஏசிஎல் அகற்றப்பட்ட பல செயற்கை மூட்டுகளில், கால் மடங்கும்போது தொடை எலும்பு பின்னே போவதற்குப் பதிலாக முன்னே சறுக்குவதை 1990களின் ஃபுளோரோஸ்கோப்பி என்ற அசையும் எக்ஸ்ரே படங்கள் காட்டின. எல்லை வகுக்கும் இழைகள் இல்லாத இடத்தில் மூட்டு சுமையின் போக்கிலேயே போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டாம். இதற்கு விடையாக உட்புறத்தைக் கிண்ணம்போல் ஆழப்படுத்தி வெளிப்புறத்தை விட்டுவைக்கும் வடிவமைப்புகள் வந்தன. உட்புறம் மட்டும் உறுதியாக இருந்தால் போதும், வெளிப்புறத்தில் சில மில்லிமீட்டர் தளர்வை விட்டுவைக்கலாம் என்று கருதும் மருத்துவர்களும் கூடிவருகிறார்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் நியாயம் வலுவாகப் படுகிறது, அறுவைக்குப் பிறகு தரையில் உட்கார விரும்பும் நோயாளிகள் நம்மிடையே அதிகம் என்பதால் மட்டுமன்று. சமமான இறுக்கம் சமமான அசைவைத் தரும் என்ற அனுமானத்துக்கு இயற்கை மூட்டில் ஆதாரமே இல்லை என்பதாலும்தான்.

ரோபோ உதவியுடன் நடக்கும் அறுவைகளில் இப்போது எலும்பை வெட்டுவதற்கு முன்பே உள், வெளி இடைவெளிகள் திரையில் மில்லிமீட்டர் கணக்கில் வந்துவிடுகின்றன. எல்லையை இவ்வளவு நுட்பமாக அளக்க முன்னர் வழியிருந்ததில்லை. ஆனால் அளக்கும் நேரத்தில் நோயாளி மயக்கத்தில் படுத்திருக்கிறார். தசைகள் செயலற்றுக் கிடக்கின்றன. மூட்டின்மேல் உடல் எடை இல்லை. கால் மருத்துவரின் கையில் இருக்கிறது. மார்கால்ஃப் 1981இல் காட்டிய வேறுபாடு முழுவதும் அந்த மேசைக்கும் மாடிப்படிக்கும் இடையில் அப்படியே நிற்கிறது. ஆகவே ஒரு முழங்காலுக்கு எத்தனை மில்லிமீட்டர் தளர்வு சரி என்று சொல்ல, மேசைமேல் எடுத்த எண்ணோடு, அதே ஆள் எழுந்து படியிறங்கும்போதும் நாற்காலியிலிருந்து எழும்போதும் எலும்புகள் நகரும் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது பதிவு இன்றைக்கும் பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் எடுக்கப்படுகிறது.